எழில்மதியின் இடது கால்

கச்சிராயபாளையம் போகும் சாலையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே தெய்வசிகாமணியின் வெல்லக் கிடங்கு இருந்தது. அவர் வெல்லம் காய்ச்சுவதை நிறுத்திய பிறகு அது சும்மாவே பூட்டிக் கிடந்தது. மகள் தனுஷா அடம்பிடித்துக் கேட்டதால் ஜூடோ பழக அதைத் திறந்துவிட்டார். வெல்ல வாசனை மட்டும் சுவரை விட்டுப் போகவே இல்லை. பாயில் விழுந்து எழுந்தவர்கள் வியர்வையோடு அந்த வாசனையையும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

அங்கே பழகியவர்களில் எழில்மதியைக் கீழே சாய்த்தவர் யாரும் இல்லை. இருபத்திரண்டு வயது. அவள் அப்பா சின்னக்கண்ணு கரும்பு வெட்டுகிறவர். வருஷா வருஷம் தெய்வசிகாமணியின் தோட்டத்திலும் வெட்டுவார். காலனியிலிருந்து கிடங்குக்கு அவள் ஓடியே வருவாள். எதிராளியின் சட்டைக் கழுத்தைப் பிடித்து, முதுகைத் திருப்பி, இடது காலில் நின்றுகொண்டு வலது காலால் அவளைத் தொடையோடு தூக்கி வீசுவதுதான் அவள் வித்தை. அதற்கு உச்சிமாட்டா என்று ஜப்பானியப் பெயர். அந்தப் பெயரை முதன்முறை கேட்டபோது சின்னக்கண்ணு, இது மாட்டை அடக்குகிற வித்தையா என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டு, மாட்டை அடக்குவது இதைவிட லேசு என்றாள்.

அவளுக்கு அடுத்தபடி தனுஷா. இருவரும் ஒரே எடைப் பிரிவு. தனுஷா அவளிடம் தோற்காத நாள் கிடையாது. ஆனால் தோற்றுவிட்டு ஒரு நாளும் சீக்கிரமாக வீட்டுக்குப் போனதும் கிடையாது. இருவருக்கும் பயிற்சி கொடுத்த தமிழழகன் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர், ஒரு காலத்தில் மாநிலத்துக்காக ஆடியவர்.

கொரோனா ஊரடங்கு தளர்ந்து, கிடங்கை மறுபடி திறந்திருந்த சமயம் அது. திருக்கோவிலூரைச் சேர்ந்த செந்தமிழ்ச்செல்வி என்ற பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் அங்கே வந்தாள். ஜூடோ ஆடுகிறவர்களின் கால் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது, எந்தக் காலுக்கு அடிபட வாய்ப்பு அதிகம் என்பதைப் பற்றி அவள் மேற்படிப்புக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மீட்டர் வைத்திருந்தாள். ஒவ்வொருவரையும் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே மீட்டரை வைத்து அழுத்தினாள். அவள் அழுத்தத்தை மீறிக் காலை இழுக்க வேண்டும். பிறகு உட்காரவைத்து, காலை நீட்டி உதைக்கச் சொன்னாள்.

எழில்மதி உதைத்தபோது செந்தமிழ்ச்செல்வியே பின்னுக்குப் போய் விழப் பார்த்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் அவளைக் குப்புறப் படுக்கவைத்து இடது காலை இழுக்கச் சொன்னபோது, செந்தமிழ்ச்செல்வி மீட்டரைக் குனிந்து பார்த்தாள். இன்னொரு தரம் இழுக்கச் சொன்னாள். மூன்றாம் தரமும் சொன்னாள். பிறகு அவளைத் தனியாக அழைத்துப்போய், அந்தப் பின்தொடையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேலத்துப் போட்டியில் அந்தத் தசை பிடித்துக்கொண்டது உண்மைதான். கொஞ்ச நாள் எண்ணெய் தேய்த்தாள், வலி போனது, மறுபடி பாயில் ஏறிவிட்டாள். வலி போனால் எல்லாம் போன மாதிரி என்றுதான் நினைத்திருந்தாள்.

"வலி போச்சு, பலம் திரும்பி வரல," என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "முன்தொடை கால நீட்டுது. பின்தொடைதான் முட்டிய நழுவாம புடிச்சு நிறுத்துது, பிரேக்கு மாதிரி. உனக்கு லாரி இன்ஜினு. இடது பக்கம் மட்டும் பிரேக்கு ரொம்ப கம்மி. அந்தக் கால்லதான் நீ நின்னு எல்லாரையும் தூக்குற."

கட்டாயம் அடிபடும் என்று நான் சொல்லவில்லை, அடிபட வாய்ப்பு ஜாஸ்தி என்றுதான் சொல்கிறேன் என்றும், இரண்டு மூன்று மாதம் அந்த வித்தையை விட்டுவிட்டுப் பின்தொடையைத் தேற்றினால் போதும் என்றும் சொன்னாள்.

எழில்மதிக்கு அது அவமானமாக இருந்தது. இதுவரை அவள் காலில் குறை சொன்னவர் யாரும் இல்லை. தமிழழகனிடம் போய்ச் சொன்னாள். அவரும் ஜெயித்துக்கொண்டிருக்கிற பெண்ணின் மனதில் பயத்தைப் போட வேண்டாம் என்று நினைத்தார். மாநிலத் தேர்வு பிப்ரவரியில் இருந்தது. உச்சிமாட்டாவை விட்டால் அவளிடம் வேறென்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் பழகச் சொன்னார்.

அடுத்த வாரமே அது நடந்தது. தனுஷாவின் சட்டையைப் பிடித்துத் திரும்பி, இடது காலை ஊன்றி வலது காலை எடுத்தாள். தனுஷா கொஞ்சம் அழுத்தமாக நின்றாள். எழில்மதியின் இடது முட்டி உள்பக்கமாக மடங்கியது. கிடங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் விழுந்தாள், அவள் மேலேயே தனுஷாவும் விழுந்தாள்.

சேலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உள்பக்கத் தசைநார் பாதி கிழிந்திருந்தது. முழுசாக அறுந்திருந்தால் ஆபரேஷன். நல்லவேளை அது தேவைப்படவில்லை. ஆனால் தேர்வை மறந்துவிடச் சொன்னார் டாக்டர். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் எழில்மதி பஸ் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஆயம்மாள் அவள் முட்டியில் கை வைத்தபடியே வந்தாள்; எடுக்கச் சொன்னபோதும் எடுக்கவில்லை.

தமிழழகன் எழில்மதியின் வீட்டுக்கு வந்து, பிசியோதெரபிஸ்ட் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்று ஆயம்மாள் முன்னாலேயே சொன்னார். வீக்கம் வடிந்ததும் எழில்மதி தானே திருக்கோவிலூருக்குப் பஸ் ஏறினாள். செந்தமிழ்ச்செல்வி, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை பேசவில்லை. முட்டியை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். டாக்டர் சொன்னது தப்பில்லை, ஆனால் தேர்வுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, சொன்னபடி கேட்டால் பார்க்கலாம் என்றாள். எழில்மதி கேட்பதாகச் சொன்னாள்.

ஆரம்பத்தில் படுத்துக்கொண்டே செய்கிற பயிற்சிகள்தான். நவம்பர் கடைசியில், முட்டி நன்றாக மடங்க ஆரம்பித்த பிறகு, செந்தமிழ்ச்செல்வி ஒரு பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தாள். அதற்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். எழில்மதி தரையில் முழங்காலிட்டு நிற்க, பின்னால் உட்கார்ந்தவர் அவள் இரண்டு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் இடுப்பை வளைக்காமல், உடம்பைப் பலகை மாதிரி வைத்து, மெதுவாக முன்னால் சாய வேண்டும். உடம்பு தடாலென்று விழாமல் பிடித்து நிறுத்துவது பின்தொடையின் வேலை.

பிடிக்க வந்தவள் தனுஷா.

எழில்மதிக்கு அது புரியவில்லை. தான் எழுந்து வராவிட்டால் தேர்வில் தனுஷாவுக்குத்தான் லாபம். மாநிலத்திலிருந்து அந்த எடையில் ஒருத்தி மட்டுமே தேசியப் போட்டிக்குப் போக முடியும். அவள் அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் நேராகவே கேட்டுவிட்டாள்.

"உன்ன ஒரு தரமாச்சும் ஜெயிக்கணும்," என்றாள் தனுஷா. "நொண்டிகினு நிக்கிற உன்ன ஜெயிச்சு இன்னா பண்றது? சாய், நான் புடிச்சிகினு இருக்கேன்."

முதல் நாள் எழில்மதி கொஞ்சம்தான் சாய்ந்தாள். வெட்டின கரும்பு மாதிரி பொத்தென்று கைகளில் விழுந்தாள். இடது பின்தொடை நடுங்கியது. அடுத்த நாளும் விழுந்தாள். அவள் ஓய்வெடுக்கும்போது தனுஷா முழங்காலிட்டாள், எழில்மதி அவள் காலைப் பிடித்தாள். இப்படி மாறி மாறிச் செய்தார்கள்.

டிசம்பர் பிறந்தது. தெய்வசிகாமணியின் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்கும் போராட்டம் சூடு பிடித்தது. அவர் அதில் முன்னால் நின்றார். கிடங்கு முழுக்கக் கொடிகளும் தட்டிகளும் வந்து சேர்ந்தன. சென்னைக்குப் போகிற வேன்கள் அங்கிருந்துதான் கிளம்பின. ஜூடோ பாய்களைச் சுருட்டி ஒரு மூலையில் சாத்திவிட்டார்கள். காலனிப் பெண் ஒருத்தி அங்கே தினம் வந்து போவது யாருக்கும் அப்போது தோதாக இல்லை. எழில்மதிக்கும் தோதாக இல்லை. வர வேண்டாம் என்று யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே வருவதை நிறுத்தினாள்.

தனுஷாவின் அண்ணன் பிரவீன்குமார் வேளாண்மைக் கல்லூரிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் நின்றவன். நல்ல மார்க்தான். அந்த ஏமாற்றத்தோடுதான் அவன் போராட்டத்துக்குப் போனான், வேடிக்கைக்குப் போகவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தங்கையிடம் மனதில் இருந்ததைச் சொன்னான்.

"எங்க போனாலும் நம்ம எடம் இன்னொருத்தருக்குப் போய்க்கினே இருக்குது. உனக்குன்னு ஒரு எடம் தானா வருது. நீயே அவ காலப் புடிச்சு அதத் தூக்கிக் குடுக்குற."

தனுஷா சாப்பாட்டை நிறுத்தவில்லை. "நீ சரியான போட்டிதான கேக்குற? நானும் அதத்தான் கேக்குறேன்," என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஆனால் மறுநாளும், அதற்கு மறுநாளும், அவள் வீடு திரும்பும்போது அந்த முட்டி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்பதையும், தங்கை சொல்லும் பதிலையும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தான்.

கிடங்கு இல்லாததால் தமிழழகன் பயிற்சியைக் கோமுகி அணைக்கு மாற்றினார். அணைக்குக் கீழே புல்தரையில் பயிற்சி, அது முடிந்ததும் வெள்ளிமலைக்கு ஏறும் மலைச் சாலை. ஓடக் கூடாது என்பது செந்தமிழ்ச்செல்வியின் கட்டளை. ஒவ்வொரு அடியையும் குதிகாலால் ஊன்றித் தள்ளி ஏற வேண்டும். விடியற்காலையில் கல்வராயன் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருக்கும். கடுக்காய் மூட்டையோடு கீழே இறங்கி வரும் மலைக்காரர்கள், இரண்டு பெண்கள் பேசாமல் கொள்ளாமல் மூச்சு வாங்க ஏறுவதைப் பார்த்து ஒதுங்கி வழி விடுவார்கள். இறங்கும்போது எழில்மதிக்கு முதலில் பயமாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் இடது முட்டி மறுபடி மடங்கிவிடும் என்றே தோன்றியது. பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில், வளைவு முழுக்க இறங்கிவிட்ட பிறகுதான், தான் முட்டியை நினைக்கவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அங்கேயே நின்று தனுஷாவிடம் அதைச் சொன்னாள். தனுஷா, நான்தான் நினைத்துக்கொண்டே வந்தேன் என்றாள்.

பொங்கல் கழிந்து அந்த முழங்கால் பயிற்சியில் அவள் மார்பு தரையைத் தொடுகிறவரை விழாமல் சாய்ந்தாள். தனுஷாவின் கைகளுக்குக் கீழே அந்தக் கணுக்கால்கள் இரும்பு மாதிரி இறுகின. பிப்ரவரி தொடக்கத்தில் செந்தமிழ்ச்செல்வி மீட்டரோடு வந்தாள். இடது காலை இழுக்கச் சொன்னாள். மீட்டரைப் பார்த்தாள். இந்த முறை மறுபடி இழுக்கச் சொல்லவில்லை. திருப்பி அவள் முகத்துக்கு நேராகவே காட்டினாள். வலது காலுக்கும் இடது காலுக்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அடிபடும் பயம் சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், யாருக்கும் அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் இந்தக் காலில் நீ நிற்கலாம் என்றாள். தனுஷாவையும் சோதித்தாள். நாலு மாதத்தில் அவள் காலும் எழில்மதி காலுக்குச் சமமாக ஏறியிருந்தது.

தேர்வு விழுப்புரத்தில். தமிழழகன் நடுவர் வேலைக்காக முந்தின நாளே போய்விட்டார். எழில்மதி காலை முதல் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து எங்கோ சாலை மறியல். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் பஸ்கள் வரிசையாக நின்றன, ஒன்றும் கிளம்பவில்லை. எப்போது கிளம்பும் என்று கேட்டதற்கு, டிரைவர்கள் கையை விரித்தார்கள். எடை பார்க்கும் நேரத்துக்குள் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சின்ன சரக்கு வண்டி போராட்டக் கொடியைப் பறக்கவிட்டபடி வந்து நிலையத்தின் வாசலில் நின்றது. ஓட்டி வந்தவன் பிரவீன்குமார். பக்கத்தில் தனுஷா. அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டி எழில்மதியைத் தேடினாள்.

எழில்மதி வண்டியருகே வந்து, அந்தக் கொடியைப் பார்த்துத் தயங்கி நின்றாள். பிறகு பின்னால் ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லிச் சரக்குப் பலகையில் கை வைத்தாள். பிரவீன்குமார் இறங்கி வந்தான்.

"பின்னால வாணாம். முட்டிய மடக்கிகினு குந்தினா புடிச்சிக்கும். முன்னால குந்துங்க," என்றான். தங்கையைப் பார்த்து, "நீ பின்னால ஏறு" என்றான்.

தனுஷா இறங்கிப் பின்னால் ஏறிக்கொண்டாள். வழியில் இரண்டு இடத்தில் கூட்டம் சாலையை மறித்து நின்றது. இரண்டு இடத்திலும் பிரவீன்குமார் இறங்கிப் போய்ப் பேசினான். என்ன பேசினான் என்று எழில்மதிக்குக் கேட்கவில்லை. கூட்டம் விலகி வழி விட்டது. விழுப்புரம் வரை அவன் அவளிடம், கால் நீட்ட இடம் போதுமா என்று மட்டும் ஒருமுறை கேட்டான். எடை பார்க்கும் அறையை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பெண்களும் உள்ளே ஓடினார்கள்.

அன்று எழில்மதி சேலத்துப் பெண்ணை ஜெயித்தாள், பிறகு சென்னைப் பெண்ணை ஜெயித்தாள். ஆனால் உச்சிமாட்டாவுக்குப் போகவில்லை. கால் வாரியும் தரையில் அமுக்கியும்தான் ஜெயித்தாள். பாயின் அந்தப் பக்கம் தனுஷாவும் ஜெயித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் இறுதிப் போட்டிக்கு இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டும் ஒரே ஊர்.

கூப்பிடுவதற்கு முன்னால் இருவரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். தனுஷா பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே அவளைப் பார்க்காமல் சொன்னாள்.

"உன் இடது காலுக்குத்தான் வருவேன். சொல்லிட்டேன்."

"வா," என்றாள் எழில்மதி. "அத விட்டுட்டு வேற எங்கனா வந்தன்னா உன்கூடப் பேச மாட்டேன்."

சொன்னபடியே வந்தாள் தனுஷா. ஆரம்பத்திலேயே இடது குதிகாலைப் பின்னாலிருந்து கொக்கி போட்டு இழுத்தாள். எழில்மதி தடுமாறினாள், விழவில்லை. மறுபடி உள்பக்கமாக வந்து அதே காலை வாரினாள். பாயோரம் நின்ற தமிழழகன் நடுவர் உடையில் இருப்பதையும் மறந்து கையைப் பிசைந்தார். கால் தரையை விட்டுக் கிளம்பியது, திரும்ப ஊன்றியது. ஜூடோவையே அறியாத கூட்டத்துக்கும், இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எலும்பு வரைக்கும் அறிந்தவர்கள் என்று புரிந்தது. நேரம் முடிந்தும் இருவருக்கும் புள்ளி இல்லை. முதல் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி என்று ஆட்டம் நீண்டது.

தனுஷா மூன்றாம் தரம் அந்தக் காலுக்கு வந்தாள். இந்த முறை முழு உடம்பையும் போட்டு வந்தாள். கொக்கி விழுவதற்கு முன்னால் எழில்மதி திரும்பினாள். கையை இழுத்து, முதுகைக் கொடுத்து, இடது காலை ஊன்றினாள். தன் எடை, தனுஷாவின் எடை, இரண்டும் அந்த ஒற்றை முட்டியின் மேல் ஏறின. கிடங்கில் மடங்கியதே, அதே இடம், அதே பாரம். அவளுக்கு அந்த நேரத்தில் பின்தொடை இறுகுவது தெரிந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டின மாதிரி இறுகி, முட்டியை நேராக நிறுத்தியது. வலது கால் மேலே போனது. தனுஷாவின் இரண்டு கால்களும் விளக்குகளை நோக்கி எழும்பின. முதுகு முழுசாகப் பாயில் விழுந்த சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

நடுவர் கையை உயர்த்தி, "இப்போன்" என்றார். ஒரே வீச்சில் ஆட்டத்தை முடிக்கிற முழு வெற்றிக்கு அதுதான் பெயர்.

எழில்மதி அந்தக் காலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தனுஷா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் இருந்தது. பிறகு எழுந்து, சட்டையைச் சரி பண்ணி, குனிந்து வணங்கினாள். இருவரும் பாயை விட்டு இறங்கியதும் எழில்மதியைக் கட்டிப் பிடித்து, அடுத்த வருஷம் நான் மேல் எடைக்குப் போகிறேன், அங்கே உன் தொல்லை இருக்காது என்றாள். எழில்மதி, அதற்கும் காலைப் பிடிக்க ஆள் வேண்டும்தானே, நான் வருகிறேன் என்றாள். வாசலில் நின்ற பிரவீன்குமார் ஆட்டம் முழுவதையும் போனில் படம் எடுத்திருந்தான். தங்கை தோற்ற இடத்திலும் எடுப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் சின்னக்கண்ணு தெய்வசிகாமணியின் தோட்டத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். மகள் ஜெயித்ததில் இரவெல்லாம் சந்தோஷமாக இருந்தவருக்கு, யாரை ஜெயித்தாள் என்ற நினைவு விடிந்த பிறகுதான் உறைத்தது. தெய்வசிகாமணி வரப்பில் நடந்து வருவதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். மற்றவர்களும் வெட்டுவதை நிறுத்தினார்கள்.

"உன் பொண்ணு எம் பொண்ணத் தூக்கிப் போட்டுடுச்சாமே, சின்னக்கண்ணு?"

"ஆமாங்க," என்றார் அவர்.

தெய்வசிகாமணி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "ராத்திரி முழுக்க எம் பொண்ணு இதத்தான் போட்டுப் போட்டுக் காட்டிகினு இருக்குது. அப்படி ஒரு தூக்கு எவளும் தூக்கினது இல்லன்னு அதுவே சொல்லுது. நீ பாத்தியா?"

சின்னக்கண்ணு பார்த்திருக்கவில்லை. அவர் வீட்டில் இருந்த போனில் படம் ஓடாது. தெய்வசிகாமணி வரப்பில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். சின்னக்கண்ணு கரும்புச் சோகை ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயிலில் திரை சரியாகத் தெரியாததால் தெய்வசிகாமணி தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு தலைக்கும் மேலே பிடித்தார். உள்ளே அந்தச் சின்னத் திரையில் எழில்மதி ஒற்றைக் காலில் நின்றாள். வெட்டுகிறவர்களெல்லாம் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து குனிந்தார்கள்.

"இன்னொரு தரம் போடுங்க," என்றார் சின்னக்கண்ணு.